காப்புக் கட்டி நிறுத்திய மாத்திரை

தேக்குத் தடியின் இடுப்பில் அளவுக் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தேன். செங்கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய தடி. அளவைச் சொன்னால் எழுதிக்கொள்ள ஆள் காத்து நிற்கிறான். வாயைத் திறந்தேன், எண் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி. நான் ஓடவில்லை. நல்ல வெயிலில் விரல் நுனியெல்லாம் குளிர்ந்தது. கயிறு நழுவி மரத்தூளில் விழுந்தது.

அந்தக் கயிறு விழுந்த இடத்தில்தான் என் நோய் தொடங்குகிறது.

அதற்குச் சில மாதம் முன்னால் என் அண்ணன் போய்விட்டான். தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுரண்டை பஸ்ஸுக்கு நின்றவன், நெஞ்சைப் பிடிக்குது என்று சொல்லி உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எங்கள் குடும்பக் கோயிலில் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவன் அவன்தான். ஆடி மாதக் கொடைத் திருவிழாவில் கச்சை கட்டி, வல்லய ஈட்டியை ஊன்றி அவன் துள்ளினால் மண் அதிரும். அப்பேர்ப்பட்ட உடம்பே ஒரு பஸ் வருவதற்குள் சாய்ந்துவிட்டது. மரக்கடையில் கயிறு பிடிக்கிற இந்த உடம்பு எத்தனை நாளைக்கு? இந்தக் கேள்வி காலையில் பல் துலக்கும்போதே என்னோடு எழுந்துகொள்ளும்.

எங்கள் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இருதயப் படம் (துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்துவரத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். கோடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உம்ம இருதயம் நல்லா இருக்கு. பயந்துபோய்க் கிடக்கு, அவ்வளவுதான்.”

சீட்டில் டயசிபாம் என்று எழுதினார் (மனப் பதற்றத்தைத் தணித்து, தசைகளைத் தளர்த்தித் தூக்கம் தரும் மருந்து). அறுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த மாத்திரை நம் ஊர்க் கடைகளுக்கு அப்போதுதான் வந்திருந்தது. கொஞ்ச நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து பாரும் என்றார்.

சாப்பிட்டேன். யாரோ உள்ளே வந்து, கொழுந்துவிட்டு எரிந்த விளக்கின் திரியை மெல்லத் தணித்தார்கள். தோள் இறங்கியது. தாடை இறங்கியது. அண்ணனை நினைத்தேன், அவன் தூரத்தில், வெள்ளை வேட்டியோடு, பஸ்ஸைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான். இதே வியாதியில் கிடக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த மருந்து பொய் இல்லை. எனக்கு அன்று அது வேண்டியிருந்தது.

ஆனால் நான் திரும்பிப் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினாலே கடையில் கொடுத்தார்கள். ஒன்று போட்ட இடத்தில் இரண்டு போட்டால்தான் திரி தணிந்தது. பிறகு இரண்டும் போதவில்லை.

சாரல் காலத்தில் மர வியாபாரிகளும் வத்தல் வியாபாரிகளும் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு வீடு பிடிப்போம். அருவியில் நின்றுவிட்டு வந்து சாப்பாடு, சீட்டாட்டம், அரட்டை. மதுவிலக்கு இருந்த காலம், குடித்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரைக்கு வாசம் கிடையாது. என் சட்டைப் பையிலிருந்து ஒன்று, இன்னொருவர் பையிலிருந்து ஒன்று என்று ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் மாத்திரைக்கும் இடம் வந்துவிட்டது. நோயில்லாதவர்களும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“வெத்தல போடுதீரா, மாத்திரை போடுதீரா?”

“ரெண்டையும் சேத்துப் போடும்வே. ஒண்ணு வாய்க்குச் செவப்பு, ஒண்ணு மனசுக்குப் பச்சை.”

சுரண்டை வத்தல்காரர் சொன்ன இந்தப் பகடிக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எது பேசினாலும் சிரிப்பு வந்தது. வெளியே மலை முழுக்க மேகம். தோற்றவருக்கும் வருத்தமில்லை, ஜெயித்தவருக்கும் சந்தோஷமில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

மாத்திரை என்னைப் பிடித்துக்கொண்டதை முதலில் கண்டவள் என் மனைவி செண்பகம். மாமன் மகள், என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தீபாவளியையொட்டிக் கடையில் சரக்கு வரவில்லை, சில நாள் மாத்திரை கிடைக்கவில்லை. காப்பி டம்ளர் என் கையில் நிற்கவில்லை. டபரா கடகடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் வெடித்த ஓலைப்பட்டாசு என் மண்டைக்குள் வெடித்தது. சரக்கு வந்து மாத்திரை உள்ளே போனதும் கை நின்றுவிட்டது. செண்பகம் டம்ளரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பலகீனம் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

விட்டுவிட வேண்டும் என்ற நினைப்பு அன்றிலிருந்து இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஆடியில் சுப்பையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பெரியப்பா மகன், கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு.

“சங்கரா, உங்கண்ணன் இல்லாத கொடை ஊமையாப் போச்சுலே. நீ காப்புக் கட்டி நில்லு. ஆடுதியோ இல்லியோ, அவன் எடத்துல ஒரு ஆளு நிக்கணும்.”

காப்புக் கட்டினால் கொடை முடிகிறவரை கவிச்சி கிடையாது, புகையிலை கிடையாது. காப்பி, மருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது. எனக்கு அது சாமியே திறந்துவிட்ட வழியாகத் தெரிந்தது. என் மனசுக்கு இல்லாத உறுதி அந்த மஞ்சள் கயிற்றுக்கு இருக்கும். செவ்வாய்க்கிழமை காப்பு, அடுத்த செவ்வாய் கொடை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். ஒரேயடியாக. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள், முழங்கால். தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரித் தோலெல்லாம் ஒரு குறுகுறுப்பு. மேளம் ஒத்திகை பார்த்தபோது ஒவ்வொரு அடியும் என் விலாவில் விழுந்தது. அண்ணாச்சி என் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“பாருலே, கை தானா ஆடுது. சாமி ஆளைக் கண்டுக்கிட்டாருலே.”

சொந்தக்காரர்கள் வந்து திருநீறு கேட்டார்கள். வயதில் மூத்தவர்களும் குனிந்தார்கள். நான் நம்பினேனா? நம்பினேன். அண்ணன் என்னை விட்டுப் போகவில்லை, என் எலும்புக்குள் வந்து ஆடுகிறான் என்று நினைக்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? மரணத்துக்குப் பயந்து கிடந்தவனுக்கு, செத்தவனே தன் உடம்பில் திரும்பி வந்தால் வேறென்ன வேண்டும்?

செண்பகம்தான் அடுக்களையில் வைத்துச் சொன்னாள்.

“அத்தான், இது சாமி இல்ல. தீவாளிக்கு மாத்திரை இல்லாம ஆடுனியளே, அதே ஆட்டம்.”

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. காப்புக் கட்டியிருக்கேன்.”

“காப்பு கையிலதான கெடக்கு. நீங்க எங்கன இருக்கிய?”

கொடையன்று காலையில் தீர்த்தம் எடுக்க ஐந்தருவிக்குப் போனோம். குடங்கள், மேளம், குலவை. நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் நான் நடுவில் நின்றேன். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்று அது ஆயிரம் தகரத்தை ஒன்றாகக் கொட்டின மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்தது. அதோடு எனக்கு நினைவு அறுந்துவிட்டது.

மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மேளம் வேகமெடுத்திருக்கிறது. சாமி வந்து நிற்கும்போது ஆளைத் தொடக் கூடாது. எல்லோரும் கைகூப்பி விலகி வட்டமாக நின்றார்கள். நான் குப்புற விழுந்தேன். பாறைக் குழியில் முழங்கால் அளவுத் தண்ணீர். முகம் அதற்குள். யாரும் அசையவில்லை. பக்தியோடு நின்றார்கள். என் மேல் அவ்வளவு பேருக்கும் பிரியம்தான். அந்தப் பிரியத்தில் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கமிருந்து செண்பகம் ஆண்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து வந்தாளாம்.

“செண்பகம், தொடாத! சாமி நிக்கி!” என்று அண்ணாச்சி கத்தினாராம்.

“சாமின்னா மூச்சு விடும்லா பெரியத்தான்! இவுக விடலியே!”

முடியைப் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறாள். ஒற்றை ஆளாகக் கரைக்கு இழுத்துப் போட்டு ஒருச்சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறாள். மேளம் அப்போதுதான் நின்றது.

விழித்தபோது தென்காசி ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் ஒரு கட்டிலில் கிடந்தேன். உதடு கிழிந்திருந்தது. நாக்கு வாய் கொள்ளாமல் வீங்கியிருந்தது. மணிக்கட்டில் காப்பு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் டாக்டர் வந்ததும் செண்பகம் தீபாவளி டம்ளரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பழைய தூக்க மருந்துகளைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்னு எங்களுக்குத் தெரியும். இது புதுசு, இதுல அந்தத் தொல்லை இருக்காதுன்னு நெனைச்சிருந்தேன். நானும் உம்மைக் கூப்பிட்டுப் பாத்திருக்கணும்.”

மருந்துக்கு உடம்பு பழகிவிடுகிறது என்றார் (பழக்க அடிமை: மருந்து உள்ளே இருந்தால்தான் நரம்பு அமைதியாக இருக்கும் நிலை). தாங்கியிருந்த கையை வெடுக்கென்று எடுத்தால் நரம்பு முழுக்க ஒரே நேரத்தில் கூச்சல் போடும். அதுதான் வலிப்பு.

சுப்பையா அண்ணாச்சி கட்டில் காலைப் பிடித்தபடி நின்றார். “அப்ப, அது சாமி இல்லியா டாக்டர்?”

“சாமியைப் பத்தி எனக்குத் தெரியாதுய்யா. அடுத்த தடவை யாருக்கு இப்படி வந்தாலும் தண்ணியிலயிருந்து தூக்கி ஒருச்சாச்சுப் படுக்க வையுங்க. சாமியா இருந்தா கோவிச்சுக்காது.”

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “தொடாம நின்னுட்டேன்லே சங்கரா. கைக்கு எட்டுத தூரம். தொடாம நின்னுட்டேன்.”

சிகிச்சை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். அதே மாத்திரை. திரும்பவும் கொடுத்தார்கள், நடுக்கம் அடங்கும் அளவுக்கு. பிறகு டாக்டர் சொன்ன கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். முழு மாத்திரை முக்காலாகி, முக்கால் அரையாகி, அரை காலானது. செண்பகம் பாக்குவெட்டியால் நறுக்குவாள். சில சமயம் மாத்திரை பொடிந்துபோகும். அந்தப் பொடியைக்கூட நான் விரலால் தொட்டு நக்கப் பார்ப்பேன். அவள் ஊதிவிடுவாள். அதற்காக அவளோடு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் பழைய பயம் வாசல்படியில் வந்து உட்காரும். சில வாரம் அது வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். அப்போது டாக்டர் குறைப்பதை நிறுத்தி, அதே அளவில் கொஞ்ச நாள் இருக்கச் சொல்வார். ஒரு சாரல் முடிந்து அடுத்த சாரல் வரும்வரை இது நடந்தது.

குற்றால வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. வத்தல்காரரைச் சந்தையில் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் பகடி பேசவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “எனக்கும் காலையில இது ஆடுதுவே” என்றார். டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் ஒரு பழைய சீட்டு இருக்கலாம். மருந்தைப் பழிக்காதீர்கள், உங்களையும் பழிக்காதீர்கள். விரதம், வைராக்கியம், கோபம் எதன் பேரிலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். நடுங்குகிற ஆளை வணங்கிக்கொண்டு நிற்காதீர்கள், தொடுங்கள்.

மாத்திரை விட்ட பிறகு உலகம் உடனே திரும்பி வரவில்லை. பகுதி பகுதியாக வந்தது. அறுத்த தேக்கின் வாசம் ஒரு நாள் வந்தது. அண்ணனுக்கான அழுகை இன்னொரு நாள் வந்தது, தடிகளுக்கு நடுவில், நல்ல பகலில். அவன் பஸ்ஸில் ஏறிப் போகவில்லை, செத்துத்தான் போயிருந்தான். அந்த அழுகையை இத்தனை காலம் வெற்றிலைத் தட்டில் வைத்திருந்தேன்.

நெஞ்சு இப்போதும் சில வேளை ஓடும். ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். அது களைத்து நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கற்றிருக்கிறேன்.

அண்ணாச்சி இப்போது யாருக்குக் காப்புக் கட்டினாலும் முதலில் காதோடு கேட்கிறார். “மருந்து ஏதும் திங்கியாலே? திங்கிறதை நிறுத்தாத. சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

இந்த ஆடியில் தீர்த்தம் எடுக்கப் போனபோது நானும் போனேன், காப்பு இல்லாமல். தண்ணீருக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தபடி கூடவே நின்றார். தன் மூக்கில் தண்ணீர் ஏறித் திணறியும் அவர் பிடியை விடவில்லை. அருவி பழைய சத்தத்தில் விழுந்தது. அதிலிருந்து அடிக்கடி அருவிக்குப் போகிறேன். எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்பது உள்ளே இருக்கும்போது எனக்குத் தெரிவதில்லை. முன்பெல்லாம் அடுத்த மாத்திரை வரை ஒரு பொழுது, அதற்கடுத்தது வரை ஒரு பொழுது. இப்போது வேறு கணக்கு.

பெண்கள் பக்கமிருந்து, தண்ணீரையும் குலவையையும் கிழித்துக்கொண்டு செண்பகத்தின் குரல் வரும்.

“அத்தான்!”

நான் அருவிக்கு வெளியே கையை நீட்டிக் காட்டுவேன். கை ஆடாது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிடுவாள். மறுபடியும் நீட்டுவேன்.