ஈர பெஞ்சு

சென்ற வாரம் ஒரு மாலை, எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியர் என்னைப் பார்க்க வந்தார். கையில் குடை இருந்தது. ஆனாலும் தொப்பலாக நனைந்திருந்தார். ஊருக்குப் புதியவர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. குற்றாலச் சாரல் மேலேயிருந்து விழுந்தால்தானே குடை பிடிப்பதற்கு? அது மலையிலிருந்து காற்றோடு கிளம்பிப் பக்கவாட்டில் வரும். குடைக்கு அடியில் புகுந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

“உக்காருங்க தம்பி” என்றேன்.

“இருக்கட்டும் ஐயா. ஈரமா இருக்கேன், சேர் நனஞ்சிரும். நிக்கேன்.”

பள்ளிக்கூட விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். அதில் பள்ளியின் வரலாறும் புகழ்பெற்ற மாணவர்களைப் பற்றியும் நான் எழுதித் தர வேண்டுமாம். பழைய ஆட்களில் எனக்குத்தான் நினைவு தப்பாமல் இருக்கிறது என்று யாரோ வேண்டாதவர் கிளப்பிவிட்டிருக்கிறார். வந்தவர் பேசிக்கொண்டே போனார். நான் பாதியைக் காதில் வாங்கவில்லை. நனைந்த பருத்தித் துணியின் வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. கொஞ்சம் சலவைச் சோடா, கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் மட்கின இலை. எங்கள் நாலாம் பாரத்து வகுப்பின் வாசனை அதுதான்; இப்போது அதை ஒன்பதாம் வகுப்பு என்கிறார்கள்.

வரலாறு என்று பெரிதாக என்ன சொல்ல? முதலில் அது நெல் கொட்டி வைத்திருந்த கட்டடம். ஊர்க்காரர்கள் சிலர் முயன்று அதில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது ஹைஸ்கூலாக வளர்ந்திருந்தது. நெல் போய்விட்டது, எலிகள் போகவில்லை. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஜன்னல் வழியே தென்காசிப் பெரிய கோயிலின் கோபுரம் தெரியும். அப்போது அது நடுவில் பிளந்து மொட்டையாக நின்றது. கோபுரம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். பிறகு மதுரைக்குப் போய் முழுக் கோபுரத்தைப் பார்த்தபோது, இதை இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

புகழ்பெற்றவர்களுக்கும் குறைவில்லை. ஜட்ஜாகப் போனவர் ஒருவர் எனக்கு முன் பெஞ்சில்தான் இருந்தார். சீசனில் மங்குஸ்தான் பழத்தை மேஜைக்கு அடியில் உடைத்துத் தின்றுவிட்டு, சட்டையெல்லாம் கறையோடு, “நான் தின்னலை சார்” என்று சாதிப்பார். பின்னாளில் எத்தனை பேர் அவர் முன்னால் கூண்டில் நின்று அப்படிச் சொன்னார்களோ! அணை கட்டப் போன என்ஜினீயர் ஒருவர் உண்டு. பெரிய டாக்டரான பேச்சிமுத்து உண்டு. இந்த மலரில் பேச்சிமுத்துவின் படம்தான் முதல் பக்கத்தில் வரப்போகிறதாம். வரட்டும். ஆனால் பேச்சிமுத்துவைப் பற்றி எழுத வேண்டுமென்றால், ஈர பெஞ்சைப் பற்றி எழுதாமல் முடியாது.

ஆனியில் பள்ளிக்கூடம் சூடுபிடிக்கும்போதே சாரலும் தொடங்கிவிடும். இலஞ்சியிலிருந்து நானும், இன்னும் சுற்று ஊர்களிலிருந்து வயல்காட்டுப் பையன்களும் நடந்து வந்து சேருவதற்குள் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும். அதனால் எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஈரத்துணியோடு வருகிறவன் அன்றைக்கு மேற்கு ஜன்னலோரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். மற்றவர்களின் புத்தகம் நனையக்கூடாதல்லவா? எங்களுக்கும் அது வசதிதான். ஒருவரோடு ஒருவர் ஒண்டிக்கொண்டு குளிர் காய்வோம். வெயில் அடிக்கிற நாளில் அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம்.

நாங்கள் நாலாம் பாரம் படித்த வருஷம்தான் பேச்சிமுத்து வந்து சேர்ந்தான். அவனுடைய அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலி. சேரியிலிருந்து எங்கள் ஹைஸ்கூலுக்கு வந்த முதல் பையன் அவன். முதல் நாள் நல்ல சாரல். அப்பாவுக்கு ரயில்வேயில் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அது கணுக்கால் வரை இழுபட்டது. வாசலில் கழற்றி உதறினான். உள்ளே சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வாத்தியார் கடைசி பெஞ்சைக் காட்டினார்.

“நான் நனையலையே சார்” என்றான் பேச்சிமுத்து.

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுக்கென்னலே? அங்கனயே உக்காரு.”

கொடுமைக்காரர் இல்லை அவர். அவன் முகத்தைப் பார்த்து அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொன்னார்.

மழை நாளில் அவனுக்கு எங்கள் துணை இருந்தது. வெயில் நாளில் அந்த நீள பெஞ்சில் தனியாக இருப்பான். தென்காசியில் எல்லாரும் சீசன் முடிந்து வியாபாரம் போயிற்றே என்று கவலைப்பட்டால், வேறு காரணத்துக்காகக் கவலைப்பட்டவன் அவன் ஒருத்தன்தான். “மழை நிக்காம பெய்ஞ்சா நல்லாருக்கும்லா” என்று ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

ஆவணி பிறந்தது. மலை வெளுத்தது. சாரல் அடியோடு நின்றது. மதியச் சாப்பாட்டு வேளையில் பேச்சிமுத்து என்னிடம் வந்தான்.

“நான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிடுதேம்லே. எங்க அய்யாகிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசம் ரயில்வே கேங்குல கூலியா சேத்து விடுதேன்னு சொல்லுதாவ.”

கணக்கில் வகுப்பிலேயே முதல் அவன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சங்கரலிங்கத்திடம் போய்ச் சொன்னேன். சங்கரலிங்கம் ரதவீதி ஜவுளிக்கடைக்காரர் மகன். ஆள் வாட்டசாட்டம், படிப்பு மட்டும் கிட்டவே வராது. வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்ததால் எத்தனை சாரலிலும் நனையாமல் வந்துவிடுவான். “அப்படியா?” என்றான். தயிர்ச்சோற்றை வழித்துத் தின்று முடித்தான். அவ்வளவுதான். இவனிடம் போய்ச் சொன்னோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் வெயில் கொளுத்துகிறது. சங்கரலிங்கம் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வகுப்புக்குள் வந்தான்.

“ஏலே, என்னலே இது கோலம்?” என்று கத்தினார் வாத்தியார்.

“நனஞ்சுட்டேன் சார்.”

“எங்கனலே நனஞ்ச?”

“கெணத்தடில சார்.” சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பேச்சிமுத்துவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாத்தியார் மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் போட்ட சட்டம்தானே?

“எதுக்குலே இப்படிப் பண்ணுத? எல்லாரும் சிரிக்காவ” என்று பேச்சிமுத்து கோபமாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

“வேக்காடா இருக்குலே. அதான்.”

தினமும் இதே கதை. கடை நிறையத் துணி வைத்திருக்கிறவர் மகன் ஈரத்துணியோடு பள்ளிக்கூடம் போகிறான் என்று ரதவீதியே சிரித்தது. அவன் தும்முகிற தும்மலில் வாத்தியார் போட்ட கணக்கெல்லாம் தடம் புரண்டது. பிறகு அந்த வியாதி எங்களுக்கும் தொற்றியது. இலஞ்சி வாய்க்காலில் ஒரு முங்கு போட்டுவிட்டு நானும் வர ஆரம்பித்தேன். இன்னும் சிலர் வந்தார்கள். மழையே இல்லாத புரட்டாசியில் ஈர பெஞ்சில் இடம் போதாமல் கீழே உட்காரும்படி ஆயிற்று. கேங்கில் சேருகிற பேச்சைப் பேச்சிமுத்து அப்புறம் எடுக்கவில்லை.

கடைசியில் ஹெட்மாஸ்டரே வந்தார். எங்களைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். பேச்சிமுத்துவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “நாளையிலிருந்து உயர வரிசையில் உட்காருங்கள். குட்டையானவர்கள் முன்னால்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பிலேயே குட்டை பேச்சிமுத்து. முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எல்லாரையும்விட நெட்டை சங்கரலிங்கம். கடைசி பெஞ்சு அவனுக்கு வந்தது. யாருக்காக அந்த பெஞ்சுக்குப் போனானோ அந்தப் பேச்சிமுத்து முன்னால் போய்விட, இவன் எஸ்.எஸ்.எல்.சி. வரை அதிலேயே இருந்து, அதிலேயே தோற்று, அப்பாவின் கடையில் போய்த் துணி கிழித்துக் கொடுத்தான். அதற்காக அவன் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏன் நனைந்தாய் என்று நாங்களும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் சங்கரலிங்கம் காலமானான். சென்னையிலிருந்து பேச்சிமுத்து ரயிலேறி வந்துவிட்டான். எரியூட்டிவிட்டு எல்லாரும் சிற்றாற்றில் முங்கி, வழக்கப்படி ஈரத்துணியோடு வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் வந்தவர்களுக்காக ஒரு மர பெஞ்சு போட்டிருந்தார்கள். சங்கரலிங்கத்தின் மகன் ஓடி வந்தான்.

“டாக்டரய்யா, உள்ள வந்து சேர்ல உக்காருங்க.”

“இருக்கட்டும் தம்பி. ஈரமா இருக்கேன். இதுலயே இருக்கேன்.”

சொல்லிவிட்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் கையால் தட்டினான். நானும் உட்கார்ந்தேன். இரண்டு கிழவர்கள், வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒருவரோடு ஒருவர் ஒண்டிக்கொண்டு இருந்தோம்.

“உயர வரிசைன்னு மாத்துனாங்கள்லா” என்றான் பிறகு. “எல்லாரும் நான் சந்தோசப்பட்டேன்னு நெனச்சிய. வருசம் பூரா திரும்பித் திரும்பி அவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேம்லே.” அப்புறம் வாய்விட்டு அழுதான். நானும்தான்.

இதையெல்லாம் அந்த இளம் ஆசிரியரிடம் சொன்னேன். “சங்கரலிங்கம் ஐயா என்ன பதவில இருந்தாங்க?” என்று பேனாவைத் திறந்தார். ஒரு பதவியிலும் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி.யே பெயில் என்றேன். பேனாவை மெல்ல மூடினார். டாக்டர் படத்துக்குப் பக்கத்தில் அவன் படமும் வராவிட்டால் என் கட்டுரையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கமிட்டியைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

போகும்போது, அந்த பெஞ்சு இன்னும் கிடக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். நெல் கட்டடத்தையே இடித்துவிட்டார்களாம். இப்போது இரும்பு டெஸ்க். பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள், சாரலில்கூட நனைவதில்லை. கோபுரமும் எழும்பி முழுசாக நிற்கிறது. எல்லாம் நல்லதுதான். ஈர பெஞ்சு போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை; அது என்றைக்கோ போயிருக்க வேண்டியது. கொளுத்துகிற வெயிலில் சொட்டச் சொட்ட வந்து நிற்க ஒரு சங்கரலிங்கம் இருந்தான். அவனும் போய்விட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.