கையோடு வந்த முன்பலகை

லாரிக்குப் பாடி கட்டுவது என் தொழில். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஹைவே ஓரத்துப் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். இரண்டு பலகைக்கு நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் எங்கள் வேலையில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். போல்ட் போட்டு முடுக்கினால் சேர்ந்துவிடும். அதனால், தையல் மேசைக்கு நான்கு டிராயர் வேண்டும் என்று என் மனைவி கேட்டபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன்.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். கடையில் வாங்கிய மேசையின் டிராயர்கள் மழை ஈரத்தில் உப்பி, ஆணி விட்டுப்போய் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. நூல்கண்டும் கொக்கியும் பிளாஸ்டிக் டப்பாக்களில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

“ஏனுங்க, ஆணி அடிக்காம பண்ண முடியுங்களா? மறுபடியும் கழண்டு உழுந்துருமுங்க,” என்றாள்.

“ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம் புள்ள. டவ்டெயில் போட்டுத் தாரேன்.”

“முன்ன பண்ணியிருக்கீங்களா?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

பண்ணியதே இல்லை. செல்போனில் டவ்டெயில் என்று தேடியபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் மரப்பெட்டி செய்யும் வீடியோ கிடைத்தது. ஒரு பலகையின் முனையைப் புறாவின் வால் போல, நுனி விரிந்து அடி குறுகிய பற்களாக அறுத்தார். அதை இன்னொரு பலகையின் மேல் வைத்து ஓரத்தைக் கீறி, அந்த வால்கள் போய் உட்காரும்படி பள்ளம் வெட்டினார். தட்டினார், இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. கைவேலை புரிந்தது.

பட்டறையில் மிஞ்சிய வேப்பம்பலகையில் ஆரம்பித்தேன். முதலில் அறுத்த வால்கள் பள்ளத்துக்குள் தாராளமாக ஆடின. துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“கோட்டு மேலயே அறுத்தா கோடு போயிருமில்லீங்க. நானெல்லாம் கோட்டுக்கு வெளியதான் வெட்டுவேன். அந்தப் பென்சிலும் எத்தன மொத்தம் பாருங்க.”

தடித்த பென்சிலை வாங்கி வைத்துவிட்டுத் தன் பிளேடைக் கொடுத்தாள். பிளேடால் கீறி, கோடு பலகையிலேயே நிற்கும்படி, வெட்டி எறியும் பக்கமாக அறுத்து, மீதியை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். மூன்று ஞாயிறு போனது. நான்காவது ஞாயிறு காலையில் முதல் டிராயர் நின்றது. மூலையில் நகம்கூட நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினேன். பிறகு அதை மேசைக்குள் வைத்ததும் மனைவி கொக்கிகளை அதில் கொட்டினாள்.

அன்று மத்தியானம், நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்திருந்தார். ஒரு கொக்கி மாற்ற வேண்டியிருந்தது.

“கொக்கி அந்த டிராயர்லதான் இருக்குது டீச்சர், எடுங்க,” என்றாள் மனைவி.

டீச்சர் இழுத்தார். முன்பலகை மட்டும் அவர் கையோடு வந்தது. டிராயர் உள்ளேயே இருந்தது. அவர் பலகையைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்கக்கா. லேசாத்தான் இழுத்தனுங்க.”

மனைவி சிரிக்க ஆரம்பித்தவள், மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காது சூடானது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோன டீச்சர் கடைசியாகத்தான் சிரித்தார்.

அவர் போன பிறகு, மனைவி பலகையை மறுபடி பொருத்தி உள்ளங்கையால் தட்டினாள். மேலே தூக்கிப் பார்த்தாள், பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. தன் பக்கம் இழுத்தாள், வந்துவிட்டது.

“முன்னாடி இருந்து தள்ளித்தானுங்க மாட்டுனீங்க. இழுத்தா அதே வழியில வருது.”

அப்போதுதான் உறைத்தது. வீடியோக்காரர் செய்தது பெட்டி. பெட்டியின் முன்பக்கத்தை யாரும் பிடித்து இழுப்பதில்லை. டிராயருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே பக்கத்து இழுப்பு. வால்கள் பக்கப் பலகைகளில் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், முன்பலகையை இழுக்க இழுக்க விரிந்த நுனி அதைப் பிடித்துக்கொள்ளும். நான் வால்களை முன்பலகையில் வெட்டிவைத்திருந்தேன்.

மறுபடியும் புதுப் பலகை, புது அளவு. கை பழகியிருந்ததால் இந்த முறை ஒரே ஞாயிற்றில் முடிந்தது. மேசைக்குள் வைப்பதற்கு முன் மனைவி என்னைப் பின்பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முன்பலகையைத் தான் பிடித்து, பலம் கொண்டமட்டும் இழுத்தாள். பலகை அசையவில்லை. நான்தான் இரண்டடி முன்னால் போனேன்.

“செரி, மத்த மூணையும் இப்படியே பண்ணிருங்க,” என்றாள்.

பண்ணிக் கொடுத்தேன். ஒன்றில் நூல், ஒன்றில் கொக்கியும் பொத்தானும், இன்னொன்றில் அளவு நோட்டு. நான்காவது இன்னும் காலியாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒரு தரம் இழுத்து, மூடிவிட்டுப் போகிறாள்.