அசல் விலையும் மெயின்லேண்டு விலையும்

என் மனைவியின் தம்பி போர்ட் பிளேர் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். சிப்பிகாட்டில் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் அங்கேதான் உட்காருவேன். டீ அவனுடையது, பேச்சு என்னுடையது.

போன வருஷம் அவன் கடைக்கு விலையுயர்ந்த போன்களுக்கென்று தனிக் கண்ணாடி அலமாரி வந்தது. விளக்கு, போர்டு எல்லாம் சேர்த்துச் சென்னை விநியோகஸ்தர் கொடுத்தது. பொங்கலுக்குள் இரண்டு போனாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் அலமாரியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று நிபந்தனை. ஒன்றை ஒரு காண்டிராக்டர் வாங்கிப் போனார். இன்னொன்று விளக்கு வெளிச்சத்தில் அப்படியே கிடந்தது. காலையில் கடை திறந்தால் சாமி படத்தைத் துடைப்பதற்கு முன்னால் அவன் அந்த அலமாரியைத்தான் துடைப்பான்.

எனக்கு அந்தப் போன்மீது கோபம். போனைப் பிரித்துப் போட்டு உள்ளே இருக்கும் சாமான்களுக்கு விலை சொல்லும் வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தேன்.

"மாப்ள, உள்ள இருக்கறதெல்லாம் சேத்தாலும் பாதி வெலகூட வராது. மீதி பேருக்குத்தான்" என்றேன்.

"அப்ப இட்லிக்கும் அரிசி உளுந்து வெலதான் குடுப்பீங்களா மச்சான்?"

"இட்லில வருஷா வருஷம் புது மாடல் விடறதில்ல."

"இதுல ஒன்னு வித்தாப் போதும், போர்டு நிக்கும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

நான் மெதுவாகப் பேசவில்லை. திக்லிபூரிலிருந்து வந்த ஒரு பாக்கு வியாபாரி பர்ஸை வெளியே எடுத்த பிறகு, அவருக்கு இந்தியில் அசல் விலையை விளக்கினேன். அவர் ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மைத்துனன் அன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

எங்கள் ஊர் வழக்கமும் அவனுக்கு எதிரிதான். இங்கே யாரும் பெரிய சாமானைத் தீவில் வாங்குவதில்லை. கடைக்கு வந்து கையில் எடுத்துப் பார்ப்பார்கள், அரை மணி நேரம் சந்தேகம் கேட்பார்கள், ஒரு படம்கூட எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு, "மெயின்லேண்டு போறப்ப பாத்துக்கலாம்" என்று இறங்கிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்டவர்களை அவனோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். அவனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

டிசம்பரில் ஆபீஸில் டிக்கெட் காசு தரும் எல்டிசி லீவு எடுத்துக் குடும்பத்தோடு சென்னை போனேன். ஏசி போட்ட ஒரு பெரிய கடையில் அதே போன், நாலாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. விலை இறங்கி அசல் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. வாங்கிவிட்டேன்.

"தம்பி கடையில ஒன்னு கெடக்குல்ல?" என்றாள் மனைவி.

"நாலாயிரம்" என்றேன்.

லாட்ஜ் வரும்வரை அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். சமாதானப்படுத்த மெரினாவில் அவளை ஒரு படமெடுத்து, அதையே போனின் முகப்புத் திரையில் வைத்தேன். தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் ஆள் வந்து அலமாரியைக் கழற்றினார். அது கப்பலேறிப் போனது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் புதுப் பெயிண்டாகத் தெரிந்தது. மைத்துனன் அங்கே ஒரு காலண்டர் மாட்டினான், அது பாதி இடத்துக்குத்தான் வந்தது. நான் புதுப் போனை பேண்ட் பாக்கெட்டில் சைலண்டில் போட்டுக்கொண்டு அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து, "விடு மாப்ள, நல்லதுக்குத்தான்" என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

பிப்ரவரியில் ஆபீஸ் வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தேன். போன் சட்டைப் பையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. திரையின் கீழ்ப்பாதி கறுப்பாகிவிட்டது. இந்த மாடலுக்கு இங்கே சர்வீஸ் கிடையாது. சென்னை போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பிச் சரிசெய்து வாங்க வேண்டும். அதை நம்பிக்கையாகச் செய்கிறவன் பஜாரில் ஒருவன்தான், என் மைத்துனன்.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் பெங்காலி. அவரிடம் கொடுத்து, தன் போன் என்று சொல்லி ஒப்படைக்கச் சொன்னேன். மைத்துனன் ஒன்றும் கேட்கவில்லையாம். கவரில் அவர் பெயரை எழுதி வாங்கி வைத்துக்கொண்டானாம். அப்பாடா என்றிருந்தது. அன்று சாயங்காலமும் போய் டீ குடித்தேன்.

இருபது நாள் கழித்துப் போன் வந்தது. பெங்காலி கவரை என் மேஜையில் வைத்தார். புதுத் திரை போட்டு, அதன்மேல் கிளாஸும் ஒட்டியிருந்தது. கிளாஸ் ஒட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தமிழில் எழுதியிருந்தான்.

"அக்கா முகத்துல கீறல் விழக்கூடாதுன்னு கிளாஸ் ஒட்டியிருக்கேன். அதுக்குக் காசு வேண்டாம்."

கறுப்பானது கீழ்ப்பாதிதான். மேல்பாதியில் என் மனைவி கழுத்துவரை சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும் பார்க்கிற படமென்பதால் எனக்கு அது நினைவில்லை.

"க்யா லிக்கா ஹை?" என்ன எழுதியிருக்கிறதென்று பெங்காலி எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

விலை எழுதியிருக்கிறது என்றேன்.