குத்தகைதாரர் மாடியில் என் அப்பா

‘செத்தவனுக்கு எதற்குச் சோறு?’ என்று முந்தின நாள் சீர்காழிக் கூட்டத்தில் முழங்கிவிட்டு வந்த நான், மறுநாள் பகலில் அதே கறுப்புச் சட்டையோடு அடுத்தவர் மொட்டைமாடியில் நின்று ‘கா, கா’ என்று கத்தினேன். கொள்கை போனதுகூடப் பெரிதில்லை. மேடையைவிட மாடியில் என் குரல் நன்றாக எடுபட்டது, அதுதான் அவமானம்.

அன்று தை அமாவாசை. அப்பாவுக்குப் படைத்த சோற்றைக் காக்கை தொடாமல் அம்மா சாப்பிட மாட்டாள். காலையிலேயே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஊரெல்லாம் விருந்து என்பதால் காக்கைகளுக்குக் கிராக்கி. எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் குத்தகைதாரரின் புது மெத்தை வீட்டின்மேல் உட்கார்ந்திருந்தன.

“உங்க அப்பா கோவிச்சுக்கிட்டாரு. கேசை வாபஸ் வாங்கினேல்ல?” என்றாள் அம்மா.

நிலத்தைக் குத்தகைதாரர் பெயரில் பதியக்கூடாது என்று அப்பா சாகும்வரை கோர்ட்டுக்கு நடந்தார். சட்டமும் என் கட்சியும் எதிர்ப்பக்கம். அவர் போனதும் வழக்கை நான் விட்டுவிட்டேன். அதற்கு மேடையில் கைதட்டல் கிடைத்தது. வீட்டில் காக்கை கிடைக்கவில்லை.

“ஏம்மா, காக்காய்க்குக் கேஸ் விவரம் தெரியுமா?”

“தெரியாமயா அங்க போயி உக்காந்திருக்காரு? குத்தகை நெல்லு கேக்கத்தான்.”

இலையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன். குத்தகைதாரரும் மாடியில் தம் அப்பாவுக்குப் படைத்துவிட்டுக் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“வாங்க தோழர். உங்க அப்பா எங்க வீட்டுப் படி ஏறினதே இல்ல. எங்க இலைய ஓரமா நகத்திக்கிறேன், நடுவுல வைங்க. இல்லாட்டி இதுக்கும் ஒரு கேஸ் போட்டுடப் போறாரு.”

வைத்தேன்.

“கூப்பிடுங்க.”

“நீங்களே கூப்பிடுங்களேன். எனக்குக் கொள்கை இருக்கு.”

“நான் கூப்பிட்டா எங்க அப்பால்ல வருவாரு?”

தர்க்கம் பிசகில்லாமல் இருந்தது. கத்தினேன். தடித்த காக்கை ஒன்று இறங்கி, அவர் இலையைத் தாண்டி நடந்து வந்து, என் இலையிலிருந்து வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு வாய் உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. அப்புறம்தான் கேட்டாள்:

“எதை எடுத்துச்சு?”

“வடையை!”

“உங்க அப்பா உளுந்து வடைய வாயில வச்சதே இல்ல. அது அவங்க வீட்டுப் பெரியவரு. நீ போயி அவருக்குப் படைச்சுட்டு வந்திருக்கே. சரி, அந்த மோரை எடு.”