சந்தனம் வைத்த பிளாப்பி

என் பெரியம்மா மகள் ஒரு திருடி. இத்தனை வருஷம் இதை முணுமுணுத்தே கழித்துவிட்டேன். இப்போது எழுதியே விடுகிறேன். அவள் திருடியது என் புரோகிராமை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா நடந்தது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவளைச் சிறப்பு விருந்தினர் ஆக்கிவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில், பெரியம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் முதன்முதல்ல எழுதுன புரோகிராம், பஸ் நேரம் சொல்றது," என்றாள் மைக்கில். "அது இருந்த பிளாப்பிக்கு ஆயுத பூஜை அன்னைக்கு யாரோ ஒரு சின்னப் புள்ள பக்தியா சந்தனம் வச்சிருச்சு. பிளாப்பி போச்சு. அதனாலதான் நான் சி லாங்குவேஜ் கத்துக்கிட்டேன். அந்தப் பிஞ்சுக் கைக்கு நன்றி."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள். யாரோ ஒரு சின்னப் புள்ளையாம். அது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தன. அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்தில் ஒரு பீரியட், ஒரு கீபோர்டைச் சுற்றிப் பத்துப் பேர். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் நான் நோட்டில் எழுதினேன். பேசிக் என்கிற மொழி. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில், கணக்கு விஞ்ஞானம் படிக்காத பிள்ளைகளும் கம்ப்யூட்டரைத் தொடட்டும் என்று உண்டாக்கியது என்று டீச்சர் சொன்னார். எனக்காகவே உண்டாக்கினார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வரிக்கு வரி எண் போட வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டுப் போட்டால், மறந்ததைப் பதினைந்து என்று பிறகு செருகிக்கொள்ளலாம். வாழ்க்கையில் வேறு எதிலும் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்பாவுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. பள்ளி விட்டதும் அங்கே உட்கார்ந்து, எந்த ஊர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று ஒரு மாதம் குறித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர், வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எல்லாம். காலை பஸ்களை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குறித்தேன். அந்த நேரங்களை நோட்டில் வரிசையாக எழுதி, ஊரையும் மணியையும் கேட்டால் அடுத்த பஸ்ஸைச் சொல்லுகிற மாதிரி புரோகிராம் போட்டேன். அறுபத்திரண்டு வரி. ஒரு தடவைகூட மெஷினில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடும் என்று எனக்குத் தெரியும்.

காலாண்டு லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது அக்கா அந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்புட்டு நாளா எழுதுன இதை?"

"ஒரு மாசம்."

"கொண்டா, பாத்துட்டுத் தாரேன்."

அவள் மடவார் வளாகம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தாள். ஜவுளிக்கடை மாடியில் நான்கு மெஷின். ஆளுக்கு ஒரு மணி நேரம், தனியாக. தனியாக! அந்த ஒரு சொல்லுக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. பெரியப்பாவுக்கு ஒரே பிள்ளை அவள். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போனாள். சென்டர் சார் ராஜபாளையத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பெரிய பையன்களுக்குச் சி நடத்திக்கொண்டிருந்தார். நான் வாசல் பக்கம் நின்று கேட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடம். அவிய கையில இருந்தது சின்ன மெஷினு. இருந்த மொழி பெருசு, உள்ள நுழையல. அதைச் சுருக்கி 'பி'ன்னு ஒண்ணு செஞ்சாக. 'பி'க்கு எழுத்து எது, எண்ணு எதுன்னு வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒண்ணுதான். அடுத்து ஒரு மெஷின் வந்ததும் அது பத்தல. திருத்துனாக, மேல மேல திருத்துனாக. கடைசியில பாத்தா அது வேற மொழியா நிக்கி. அடுத்த எழுத்தைப் பேரா வச்சாச்சு. 'சி'. அம்புட்டுதான்."

நான் வாசலிலிருந்தே கேட்டேன்: "அப்ப 'பி' என்ன சார் ஆச்சு?"

"என்ன ஆகும்? 'சி'க்குள்ளதான் இருக்கு."

"அதோட பேரு?"

"போன பேரு எதுக்கும்மா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால், மூலையிலிருந்த மெஷினில் என் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. என் எண்கள், என் பஸ்கள். பச்சை எழுத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து என்று எண் போட்ட முதல் வரியில், எழுதியவர் பேர் போடுகிற இடத்தில், அக்காவின் பேர் இருந்தது.

"என் பேரு எங்க?" என்றேன்.

"நான்தானட்டி அடிச்சேன். அடிச்ச கைதான் வலிக்கி."

"எழுதுனது நானு."

"சரி சரி, பொறவு சேத்துக்கிடலாம். எக்ஸிபிஷனுக்கு என் ஸ்கூல்ல இதைத்தான் வைக்கப் போறேன்."

சேர்ப்பதற்கு என்ன கஷ்டம்? பதினைந்து என்று ஒரு வரி செருகினால் முடிந்தது. அதற்குத்தானே இடைவெளி விட்டு எண் போட்டிருந்தேன். அவள் செருகவில்லை.

லீவு முடிவதற்குள் ஆயுத பூஜை வந்தது. சென்டரில் மெஷின்களைத் துடைத்து, மானிட்டருக்குக் கதம்பம் போட்டு, கீபோர்டுக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவரவர் பிளாப்பியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். பாடப் புத்தகத்தை வைப்போமே, அந்த மாதிரி. பெரியம்மா பொரிகடலை கொண்டுவந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காத. எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு வா."

பிளாப்பி என்பது கறுப்பான மெல்லிய சதுரம். ஓரத்தில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். எழுதியது உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். அங்கே விரல் படக்கூடாது என்று எங்கள் டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் காகித உறை. எல்லா பிளாப்பிக்கும் உறையின் மேலேயே பொட்டு வைத்தேன். பூப்போல. அக்காவுடையது வந்தது. உறையிலிருந்து உருவினேன். திறப்பில், மூன்று விரலால், நெற்றிக்குப் பூசுகிற மாதிரி பூசினேன். நடுவில் குங்குமமும் வைத்தேன். திரும்ப உறைக்குள் போட்டேன். சாமி படத்துக்கு முன்னால்தான் இத்தனையும்.

மறுநாள் புனர்பூஜை முடிந்து பிளாப்பியை எடுத்து மெஷினில் போட்டார்கள். கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்த சார் தலையில் கை வைத்தார்.

"யாரும்மா இதுக்குப் பொட்டு வச்சது?"

பெரியம்மாதான் எனக்காகப் பேசினாள். "சின்னப் புள்ள சார். பக்தியில வச்சுட்டா. அதுக்கு என்ன தெரியும்?"

சாருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அம்மா, சரஸ்வதி இதுக்குள்ள போனா, மத்தது எதுவும் வெளிய வராது."

அக்கா உறையைக் கையில் எடுத்தாள். முன்புறம் பார்த்தாள், பின்புறம் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

"திரும்ப அந்த நோட்டப் பாத்தே அடிச்சிரலாம்," என்றாள் சாரிடம்.

"அதுல நேரமே தப்பும்மா. நேத்து அதை நம்பித்தான் வீட்டுல இருந்து கிளம்புனேன். பஸ் பத்து நிமிஷம் முந்தியே போயிருச்சு. எப்படியும் முதல்ல இருந்து அடிக்கப் போற. இந்தத் தடவை சி-ல அடி."

நேரம் எப்படித் தப்பும்? அப்பா கடையில், என் தலைக்கு நேரே தொங்கிய பெரிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் குறித்தேன். அது ரிப்பேருக்கு வந்த கடிகாரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா ராஜபாளையம் வந்து எங்கள் கடையில் நின்றாள். "சித்தப்பா, சரியா ஓடுற கடிகாரம் ஒண்ணு குடுங்க."

"இங்க இருக்கது பூராம் ஓடாததுதான்த்தா. ஓடுறது என் கையில கட்டியிருக்கது ஒண்ணுதான்," என்று சொல்லி அப்பா அதைக் கழற்றிக் கொடுத்தார். நாங்கள் நாலு பேரும் தொடக்கூடாத வாட்ச் அது. அதைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஒவ்வொரு பஸ்ஸாக அவளே குறித்தாள். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எக்ஸிபிஷனுக்கு நானும் போயிருந்தேன். அவளுக்கு முதல் பரிசு. வரி எண்ணே இல்லாத புரோகிராம். நேரமெல்லாம் தனி ஃபைலில் இருந்தது. பஸ் நேரம் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும், புரோகிராமில் கை வைக்க வேண்டாம். நடுவராக வந்த வாத்தியார் வ. புதுப்பட்டிக்காரர். ராஜபாளையத்திலிருந்து தன் ஊருக்கு வருகிற பஸ்ஸைக் கேட்டார். அது சரியாகச் சொன்னது. அவர் அவள் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு என் முதுகில் விழுந்திருக்க வேண்டியது என்றுதான் வீடு வரும் வரை நினைத்துக்கொண்டேன். நான் 'பி'. அவள் 'சி'. போன பேரு எதுக்கும்மா.

அதற்குப் பிறகு சியும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு விதமாக எழுதியதை ஒரு குழு உட்கார்ந்து ஒழுங்கு செய்தது. ஒருவர் அதன் மேல் கட்டியது சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. நான் கம்ப்யூட்டர் டீச்சர் ஆகி, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையும் நடத்தினேன், இப்போது பைத்தானும் நடத்துகிறேன். நாங்கள் ஓட்டுகிற பைத்தானே சியில் எழுதியதுதான் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சியை உண்டாக்கியவர்கள் அது 'பி'யிலிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு வரி எழுத அவர்களுக்குக் கை வலிக்கவில்லை.

அக்கா உறையைத் திருப்பிப் பார்த்தபோது, "தப்பித்தேன்" என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எனக்குப் புரியவில்லை. மற்ற உறைகளில் எல்லாம் மேலே பொட்டு இருந்தது, அவளுடையதில் மட்டும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால், அது யார் புரோகிராம் என்ற பேச்சும் வந்திருக்கும். அவள் வாயை மூடியது என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அடுத்த மாதம் உன் மகள் கல்யாணம், அக்கா. மண்டபத்தில் மைக் இருக்கும், இரண்டு ஊர்ச் சொந்தமும் இருக்கும். அந்த நோட்டு யாருடையது என்று சொல். சந்தனம் வைத்தது 'யாரோ' இல்லை, உன் தங்கச்சி என்று சொல். வேண்டுமென்றேதான் வைத்தாள் என்பது உனக்கு அன்றே தெரியுமா, தெரியாதா, அதையும் சொல். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் காதில் சொல்லாதே. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லார் முன்னாலும் பதில் சொல்.