கைப்பிடி இல்லாத லேத்

டீ டம்ளரோடு கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றுவிடுவாள். பேக்கிங் பிரிவில் மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நேரம் அது. இவள் டீ அப்படியே ஆறும். கண்ணாடிக்கு அப்பால், கணினியில் ஓடும் லேத்துகள் கதவைச் சாத்திக்கொண்டு இரும்பைக் கடைந்துகொண்டிருக்கும்.

அவளும் லேத் படித்தவள்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு கையாலும் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி, வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். அங்கிருந்த லேத்துக்கு அவளுடைய அப்பா வயது. அதைச் சான்றிதழில் யாரும் எழுதவில்லை.

வேலை கேட்டு வந்த அன்று இந்தப் பளபளப்பின் முன்னால் நிறுத்தினார்கள். சுற்றிப் பார்த்தாள், பின்பக்கமும் போய்ப் பார்த்தாள். "சார், கைப்பிடி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் மேனேஜர், "பேக்கிங்ல ஆள் வேணும், வர்றியாம்மா?" என்றார். அன்றிலிருந்து அவள் பெயரே கைப்பிடி. கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, அதைத்தான் இன்னும் தேடிட்டிருக்கேன்" என்பாள்.

பெட்டியில் அடுக்கும்முன், லேத்தில் கடைந்து வந்த ஒவ்வொரு உருளையையும் கட்டைவிரலால் தடவுவாள். வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட இம்மி இம்மியாகத்தான் திருகுவாள். "குழாய்தான்க்கா அது, லேத் இல்ல" என்று தங்கை கிண்டல் செய்தால், "எனக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே" என்பாள். ஏக்கம் முழுக்க அந்தக் கைகளில்தான் குடியிருந்தது.

லேத் ஓட்டும் அக்கா பிரசவ விடுப்பில் போகிறாள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்மா."

"ஓட்ட விட்டாத்தானே சார் தெரியும்?"

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். திங்கட்கிழமை வெளியிலிருந்து ஆள் வருவதாக முடிவாயிற்று. அது தெரிந்த அன்று அவள் டீயே வாங்கவில்லை.

விடுப்புக்கு முந்தைய நாள், அக்கா கண்ணாடியைத் தட்டி உள்ளே கூப்பிட்டாள். "எல்லாம் நான் செட் பண்ணி வச்சுட்டேன். ஒரு தடவை நீயே அமுக்குடி."

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அமுக்கினாள். கதவு மூடியது, உள்ளே இரும்பு சுழன்றது. இனி அவள் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் இடுப்பளவில், வெறுங்காற்றில், அவளுடைய இரண்டு கைகளும் இம்மி இம்மியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.