அபு சலீம் விட்டுக்கொடுத்த மெட்டு

இஸ்ரேலில் நாங்கள் இருக்கும் ‘ஓர் யெஹூதா’ என்கிற ஊரில் என் வீட்டுக்காரர் ஹெஸ்கேலைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் மூத்தவன் சலீம் என்பதால் ஊருக்கே அவர் அபு சலீம், அதாவது சலீமின் அப்பா. வாரநாளில் சந்தையில் ஊறுகாய் விற்பார். சனிக்கிழமை ஓய்வுநாளில் எங்கள் பாக்தாத் யூதர்களின் ஜெபக்கூடத்தை நிர்வகிப்பார். அதற்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் வாரம் தவறாமல் கிடைக்கும்.

பழைய பாடகர் மெனஷே இறந்த பிறகு கூட்டம் கரைந்தது. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டுத் தொழுகை. பத்தாவது ஆளைப் பிடிக்க இவர் தெருவில் நிற்பார். பேரன்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் யிகாலை இவரே அழைத்து வந்தார். இருபத்தாறு வயது, எருசலேம் பாணியில் பாடுகிறவன். குரல் தேன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு மெட்டுகூட எங்களுடையதில்லை.

முதல் வாரமே தையல்காரர் சியோன் புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தொழுகை முடிந்ததும் இவரை வாசலிலேயே மடக்கினார்.

“அபு சலீம், இது தொழுகையா, கல்யாணக் கச்சேரியா?”

“இன்னிக்கு ஓய்வுநாள் சியோன் அண்ணே, எழுதறதும் வேலைதானே, எதையும் குறிச்சு வெச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க, பேசுவோம்.”

யார் என்ன சொன்னாலும் இதே பதில்தான். பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் கோபம் ஆறிவிடும். மீதிப் பேருக்கு ஒரு ஸ்டூல் போட்டு டீ கொடுத்து, “நீங்க சொல்றது நியாயம்” என்பார். எதையும் மாற்ற மாட்டார். ஜெபக்கூடத்து மாடியில் தனியாக உட்காரும் பெண்களுக்கும் வாய் இருக்கிறது, எங்களை யார் கேட்டார்கள்? நான் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

“பேரப்பசங்க வர்றாங்கல்ல லுலு,” என்றார். “அதுக்காக நாம காதைக் கொஞ்சம் பொத்திக்கலாம்.”

சியோன் ஆறுகிற ஆள் இல்லை. ஏழு ஞாயிறு வந்தார். ஏழாம் தடவை அழுதே விட்டார்.

“தோரா வேதச் சுருளைப் பேழையிலேர்ந்து வெளிய எடுக்கும்போது பாடுவோமே, அது என் தம்பி பாடினது. அவன் போயிட்டான், மெட்டாவது இருக்கட்டுமே.”

இவர் யிகாலிடம் போய் நின்றார். அவன் நல்ல பையன், யோசித்துப் பார்த்துச் சொன்னான். “எல்லாத்தையும் கலந்தா கந்தரகோளமாயிடும் மாமா. ஒண்ணே ஒண்ணு பழையபடி விடுறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் நாங்கள் ஈராக்கை விட்டு இங்கே கிளம்பியபோது அவர் அப்பா வர மறுத்துவிட்டார். மனைவியின் கல்லறையை விட்டு வர மாட்டேன் என்று பாக்தாத்திலேயே தங்கிப் போனார். ஒரு போட்டோ கிடையாது. இரண்டு கடிதத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை முழுநாள் விரதமிருக்கும் பாவநிவிர்த்தி நாளில் சூரியன் சாயும் நேரத்துக் கடைசித் தொழுகையை அங்கே அப்பாதான் பாடுவாராம். மெனஷேயும் அதே மெட்டில்தான் பாடினார். அப்பாவென்று என் வீட்டுக்காரரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

“உங்க அப்பாவோடதைக் கேளுங்க,” என்றேன். “அந்தப் பையனைக் கொண்டுவந்ததே நீங்க. உங்களுக்கு இல்லாத உரிமையா?”

“எனக்குன்னு எடுத்துக்கிட்டா, அடுத்து எவனாவது குறை சொல்ல வந்தா நான் எந்த மூஞ்சியோட கேக்கறது?”

சியோனின் மெட்டைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷப் பாவநிவிர்த்தி நாளில் யிகால் கடைசித் தொழுகையைத் தன் மெட்டில் பாடினான். இவர் வாயே திறக்கவில்லை. விரல் மட்டும் மேஜையில் அப்பாவின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். அடுத்த வருஷமும் அப்படித்தான்.

மூன்றாம் வருஷம் உட்கார இடமில்லை. பேரன்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். சியோனும் சேர்ந்துகொண்டு, “பையன் அசத்திட்டான்பா” என்று இவர் முதுகில் தட்டினார். நான் இவர் விரலைப் பார்த்தேன். அது யிகாலின் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

விரதம் முடித்து வீட்டுக்கு வந்ததும் பாதாம் பால் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“லுலு, இன்னிக்கு அப்பாவோடது வரல. முதல் வரி வருது, ரெண்டாவதுல அந்தப் பையனோடது வந்து ஒட்டிக்குது. அதுக்கப்புறம் எப்படிப் போகும்?”

வருஷா வருஷம் மாடியில் உட்கார்ந்து கேட்ட மெட்டு. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் முதல் வரியோடு நின்றது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் யிகால்தான் வந்தான்.

“உனக்கு ஞாபகம் இருக்குல்ல?”

“இல்லாம எங்க போகும்? முதல்ல குடிங்க. எனக்குத் தொண்டை காஞ்சு கிடக்கு. நாளைக்குப் பாடிக் காட்டுறேன்.”

“சரி,” என்று நிம்மதியாகக் குடித்தார்.